அம்புவாஸில் நாங்கள் இறங்கவில்லை

பிரான்ஸில் எதைப் பார்க்கவேண்டும் என்று சிட்னியின் கெல்லிவில்லில் எங்கள் ஆட்கள் யாரும் புதிதாக யோசிப்பதில்லை. அதற்கென்று ஓர் எக்செல் தாள் இருக்கிறது.

முதலில் அதைத் தயாரித்தவர் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது. கணினித் துறையில் இருந்த ஒருவர், இரண்டு பிள்ளைகளோடு ரயிலிலேயே பிரான்ஸைச் சுற்றிவிட்டு வந்து, நாலு பேருக்கு உதவட்டும் என்று வாட்ஸ்அப்பில் போட்டாராம். அதன்பிறகு போன ஒவ்வொரு குடும்பமும் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டே போய்வந்தது. வந்ததும் ஆளுக்கு ஒரு பத்தி சேர்த்து அடுத்த குடும்பத்துக்கு அனுப்பியது. எங்களிடம் வந்தபோது பதினான்கு பத்திகள் இருந்தன. ரயில் புறப்படும் நேரம், எத்தனை நிமிடம் போதும், எங்கே நின்று படம் எடுக்கவேண்டும், கழிப்பறை எந்தப் பக்கம், சைவம் கிடைக்குமா, மதியம் எந்தப் பக்கம் நிழல். கடைசிப் பத்தியின் பெயர் 'குறிப்பு'. ஷார்த்ர் நகரத்துத் தேவாலயத்துக்கு நேரே அதில் இருந்தது: 'உள்ளே இருட்டு. வெளியே எடுத்தால் போதும்.' வெர்சாய் அரண்மனைக்கு நேரே: 'நடை அதிகம். முழங்கால் பத்திரம்.' எண்ணூறு வருடக் கண்ணாடி ஓவியங்களைப் பற்றியோ, தலை போன அரசனைப் பற்றியோ ஒரு வரி கிடையாது.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு வரவேற்பறைக்குப் போனாலும் ஒரே புகைப்படம் மாட்டியிருக்கும். அதே தூண், அதே படிக்கட்டு, அதே கோணத்தில் சாய்ந்த தலை. முகம் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும்.

இதைக் கேலியாக எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு அந்தத் தாளைப் பார்த்து முதலில் மகிழ்ந்தவன் நான்தான். மருத்துவமனைக் கருவிகள் சரியான அளவு காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. எதுவும் நிமிடக் கணக்கில் இருந்தால் எனக்கு நிம்மதி. ஒரு சின்ன நோட்டும் கையில் இருந்தது. நாங்கள் எங்கே எத்தனை நிமிடம் இருந்தோம் என்று இப்போதும் என்னால் சொல்லமுடிவது அதனால்தான்.

எங்களோடு வந்தது வென்ட்வர்த்வில்லில் இருக்கும் ஒரு தம்பதி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட ஏழு வயது மூத்தவர், சிட்னிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. மேய்ஸ் ஹில் கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் பழக்கம். நான் காரை எங்கே நிறுத்தவேண்டும் என்று யாரும் கேட்காமலே கை காட்டிக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து என் விஷயங்களில் கை காட்டிக்கொண்டேதான் இருக்கிறார். நான் அவரை 'அண்ணே' என்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்பார். பிரான்ஸ் என்றதும் தலைமைப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். தாளை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை ஒட்டி, கயிறு கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவருடைய மனைவி, நாங்கள் 'அக்கா' என்று கூப்பிடுபவர், எந்த அரண்மனைக்குப் போனாலும் முதலில் உட்கார இடம் பார்ப்பார். கிடைத்ததும் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுப்பார்.

நான்காவது ஆள் என் மனைவி. இந்தப் பயணத்தில் ஏதாவது ஒன்று உண்மையிலேயே வேண்டும் என்று வந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் திருச்சியில் ப்ளஸ் டூ படித்தபோது இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தவள். மொழி மேல் காதல் எல்லாம் இல்லை. தமிழில் மதிப்பெண் போடமாட்டார்கள், பிரெஞ்சில் அள்ளிப் போடுவார்கள் என்று அவள் அப்பாவிடம் யாரோ சொன்னார்கள். நம்மூரில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பிரெஞ்சு கற்றது இப்படித்தான். ஆசிரியை பாடத்தைத் தமிழில் விளக்குவார். 'என் ஊர்', 'என் குடும்பம்', 'விடுமுறையில் ஒரு நாள்' என்று மூன்று கட்டுரைகள். மனப்பாடம் செய்து எழுதினால் முடிந்தது. இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்து வாங்கினாள். பள்ளிக்கூடப் பலகையில் பெயர் எழுதினார்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கும் அளவுக்குக்கூட அந்தப் பிரெஞ்சு உதவாது என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

நாற்பது வயதுக்குமேல் அது அவளை உறுத்த ஆரம்பித்தது. சனிக்கிழமை காலைகளில் மெட்ரோ பிடித்து நகரத்துக்குப் போய்ப் பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்தாள். ஆறு வருடம். மழையிலும் போனாள். விருந்தாளி வந்திருந்தாலும் போனாள். விமான டிக்கெட் எடுத்த அன்று என்னிடம் சொன்னாள்:

"ஏங்க, எனக்கு அங்க ஒண்ணே ஒண்ணுதான் வேணும். ஒரு பிரெஞ்சுக்காரங்ககிட்ட கால் மணி நேரம் பேசணும். அவங்க இங்கிலீஷுக்கு மாறக்கூடாது. அது நடந்தா அந்த மார்க்கு என்னோடது. நடக்கலைன்னா சும்மா மனப்பாடம் பண்ணி ஏமாத்துனதுன்னு ஒத்துக்கிட்டு விட்டுர்றேன்."

"அதுக்குத் தாள்ல பத்தி இல்லையே" என்றேன்.

நகைச்சுவை என்று நினைத்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

பாரிஸில் முதல் நாள் காலை, தங்கியிருந்த வீட்டுக்குக் கீழே இருந்த ரொட்டிக்கடையில் ஆரம்பித்தாள். "போன்ஷூர்" சொல்லி, முழுதாக ஒரு வாக்கியம் பேசினாள். கடைப் பெண் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். ஒன்பது விநாடி. வெர்சாயில் நுழைவாயில் காவலரிடம் கேட்டாள், நான்கு விநாடி. ரான்ஸ் நகரத்தில், அரசர்களுக்கு முடிசூட்டிய தேவாலயத்தின் வாசலில், அஞ்சலட்டை விற்ற ஓர் அம்மாளிடம் நாற்பது விநாடி தாண்டியது. மனைவியின் முகம் மலர்ந்தது. பிறகு தெரிந்தது, அந்த அம்மாள் போர்ச்சுக்கல்காரர், அவருக்கு ஆங்கிலம் வராது.

அண்ணனுக்கு இது தாங்கவில்லை.

"தங்கச்சி, நீர் பிரெஞ்சில கேக்கிறீர், அவங்கள் இங்கிலீஷில சொல்லுறாங்கள். நேர இங்கிலீஷிலயே கேட்டால் ரெண்டு பகுதிக்கும் மினக்கேடு இல்லைத்தானே?"

"மினக்கெட்டாத்தான் அண்ணா வரும்."

"ஓம், ஓம். ஆனா ரயில் மினக்கெடாது."

அவர் கழுத்துத் தாளைத் தட்டிக் காட்டினார்.

வெர்சாயின் கண்ணாடி மண்டபத்தில் அவருக்குத் தோன்றியதையும் எழுதிவிடுகிறேன். அந்த நீளத்தை, அந்த விளக்குகளை, தோட்டத்தைப் பார்த்த பதினேழு சாளரங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, பிளாக்டவுன் பக்கத்தில ஒரு கலியாண மண்டபம் இருக்கு, இதே செட்டப். ஆனா அங்க பார்க்கிங் இருக்கு" என்றார். அக்கா காவலரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காவலர் நின்றுகொண்டிருந்தார். அவர்களுக்குள் அது எப்படி முடிவானது என்று எனக்குத் தெரியாது.

ஷார்த்ரில் நடந்ததை மட்டும் கேலி செய்ய என்னால் முடியவில்லை. தாளில் நாற்பத்தைந்து நிமிடம். நாங்கள் எடுத்தது நாற்பத்தேழு. வெளியே படம் எடுக்கப் பத்தொன்பது நிமிடம், கழிப்பறை எட்டு, உருளைக்கிழங்கு வறுவல் பதினான்கு. அந்த நீலக் கண்ணாடிகளுக்குக் கீழே நின்றது ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் என் மனைவி, நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் போய், ஒரு சாளரத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, பிரெஞ்சில், நிதானமாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நேராகப் போய், ஆங்கிலத்தில், ரயில் நிலையத்துக்குக் குறுக்குவழி உண்டா என்று அவரைக் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பி, நல்ல ஆங்கிலத்தில், வழி சொன்னார். அதற்குப்பிறகு அவளிடமும் ஆங்கிலத்தில்தான் பேசினார்.

ரயில் புறப்பட நான்கு நிமிடம் இருக்கும்போதே நடைமேடைக்கு வந்துவிட்டோம். அண்ணன் என் முதுகில் தட்டினார். மனைவி பாரிஸ் வரைக்கும் சன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "என்னம்மா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க. வழி தெரிஞ்சுடுச்சுல்ல?" என்றாள்.

ஊர் திரும்ப மூன்று நாள் இருந்தபோது லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகளுக்குப் போனோம். காலையில் ப்ளுவா. அங்கே கோட்டை முற்றத்தில் சுழன்று ஏறும் கல் படிக்கட்டு ஒன்று இருக்கிறது. அதன் மூன்றாவது படியில் நின்று படம் எடுக்கவேண்டும் என்பது தாளின் கட்டளை. மூன்றாவது படியில் ஒரு சீனக் குடும்பம் நின்றிருந்தது. அவர்கள் கையிலும் ஒரு தாள் இருந்தது. வரிசையில் நின்று, எங்கள் முறை வந்ததும் நின்று, எடுத்து, இறங்கினோம். அடுத்தது அம்புவாஸ். இருபது நிமிட ரயில் பயணம். அந்தக் கோட்டை வளாகத்தில் உலகப் புகழ்பெற்ற ஓர் ஓவியரின் கல்லறை இருக்கிறது. அண்ணன் அதை 'ஓவியரின்ர சமாதி' என்பார். அதற்குத் தாள் ஒதுக்கியது முப்பத்தைந்து நிமிடம். ரயிலுக்கு நேரே 'குறிப்பு' பத்தியில் இருந்தது: 'இதில் சாப்பிட்டுவிடவும்.'

அக்கா அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். தங்கியிருந்த வீட்டுக் குசினியில் காலை ஐந்து மணிக்கு எழுந்து முட்டைக்குழம்பு வைத்து, சம்பல் இடித்து, டப்பாக்களில் அடைத்திருந்தார். கீழ்க்கடை நீட்டு ரொட்டி நான்கு. அவர் அதைப் பாண் என்றுதான் சொல்வார். ஊரிலிருந்து கொண்டுவந்த செத்தல் மிளகாயை அந்த வீட்டுக்காரருடைய காப்பி அரைக்கும் இயந்திரத்தில் அரைத்தார். அந்த வீட்டில் அடுத்துத் தங்கியவர்கள் எப்படிக் காப்பி குடித்தார்களோ.

ரயில் பெட்டியில் பாதிக்குமேல் காலி. ஆனால் இருக்கைகள் எல்லாம் ஒரே திசை பார்த்து, இரண்டிரண்டாக. நாலு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்தால்தானே நடுவில் டப்பா திறக்கலாம்?

இங்கே சிட்னி ரயில்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊர் இரட்டை மாடி ரயில்களில் இருக்கையின் சாய்வுப் பலகை அசையும். அதைப் பிடித்து முன்னால் தள்ளினால் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். இருக்கை அப்போது எதிர்த்திசையைப் பார்க்கும். பின்னோக்கிப் பயணம் செய்யப் பிடிக்காதவர்கள் ஏறியதும் திருப்பிக்கொள்வார்கள். குடும்பமாக வந்தால் ஒரு வரிசையைத் திருப்பி, நாலு பேர் முகம் பார்த்து உட்கார்வார்கள். வென்ட்வர்த்வில்லிலிருந்து நகரத்துக்கு இருபத்தெட்டு வருடம் வேலைக்குப் போன அண்ணன் இதை ஒற்றைக் கையால், போனில் பேசிக்கொண்டே செய்வார். ரயில் என்றால் இருக்கை திரும்பும். அவருக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

முன்வரிசைச் சாய்வை ஒரு கையால் பிடித்துத் தள்ளினார். அசையவில்லை.

"இறுகிப்போய்க் கிடக்கு" என்றார். "எண்ணெய் போடுறதில்லை போல."

"இஞ்சாருங்கோ, விடுங்கோவன்" என்றார் அக்கா.

"நீ டப்பாவைத் திற."

இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலைப் பக்கத்துச் சாய்வில் ஊன்றி இழுத்தார். பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். சாய்வின் பின்பக்கப் பிளாஸ்டிக் உறை, மடிப்பு மேசையோடும் வலைப்பையோடும் சேர்ந்து, அவர் கையோடு வந்துவிட்டது. கதவைக் கழற்றிப் பிடித்த தச்சனைப்போல அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டியில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நடைபாதைக்கு அப்பால் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு மூதாட்டி, தன் புத்தகத்தை மூடிவிட்டு, உரக்க ஏதோ சொன்னார். பாராட்டு அல்ல.

ப்ளுவாவை விட்டு நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது. டிக்கெட் பரிசோதகர் வந்தார். ஒல்லியான, நரைத்த மீசைக்காரர். உறையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், முட்டைக்குழம்பைப் பார்த்தார்.

அண்ணன் ஆங்கிலத்தில், சிட்னி, ரயில், இருக்கை திரும்பும் என்று சத்தமாக விளக்கினார். சத்தமாகச் சொன்னால் புரியும் என்பது அவர் நம்பிக்கை. பரிசோதகர் தலையை ஆட்டி, ஆங்கிலம் தெரியாது என்று பிரெஞ்சில் சொன்னார். உண்மையிலேயே தெரியாதா, அந்த மாதிரி நேரத்தில் தெரியவேண்டாம் என்று வைத்துக்கொண்டாரா, நான் அறியேன்.

"நான் பேசுறேன் அண்ணா" என்று என் மனைவி எழுந்தாள்.

அதன்பிறகு நடந்ததில் எனக்குப் புரிந்தவை 'சிட்னி', 'ஆஸ்திரேலியா' என்ற இரண்டு சொற்கள். மீதியை அவள் பிறகு சொன்னாள். முதல் வாக்கியத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அதில் ஒரு சொல் பிழை. குற்றவாளியைப் பிடித்து வைத்திருக்கும் அந்த வேளையிலும் பரிசோதகர் அதைத் திருத்தினார். அவள் திருத்திச் சொல்லிவிட்டு மேலே போனாள்.

"முப்பது வருடமாக நான் ரயிலில் இருக்கிறேன் அம்மணி. திரும்பும் இருக்கையை நான் பார்த்ததில்லை" என்றாராம்.

"அந்த முப்பது வருடமும் எங்கள் ஊரில் திரும்பிக்கொண்டிருந்தது ஐயா" என்றாளாம்.

"எதற்காக ஓர் இருக்கை திரும்பவேண்டும்?"

"பின்னோக்கிப் போவது பலருக்குப் பிடிக்காது."

இங்கே சிவப்புத் தொப்பி குறுக்கிட்டார். பின்னோக்கி உட்கார்வதுதான் நாகரிகம், பார்த்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம், முன்னோக்கி உட்கார்பவர்கள் அவசரக்காரர்கள் என்றார். பரிசோதகர் அதை ஏற்கவில்லை. தன் மனைவிக்குப் பின்னோக்கி உட்கார்ந்தால் குமட்டும் என்றார். மடிக்கணினி வைத்திருந்த ஓர் ஆள், இது நம்பும்படி இல்லை, இந்த மனிதர் கோபத்தில் உடைத்திருக்கிறார் என்றார். என் மனைவி அவர் பக்கம் திரும்பினாள். அவளை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாகவும் பார்த்ததில்லை. கையில் அரைத் துண்டு ரொட்டி இருந்தது. அதைப் பிளந்து, ஒரு பாதியை இருக்கையாகவும் மறுபாதியைச் சாய்வாகவும் வைத்து, இப்படிக்கும் அப்படிக்கும் தள்ளிக் காட்டினாள். மடிக்கணினிக்காரர் தன் கணினியில் தேடினார். சிட்னி ரயிலில் யாரோ இருக்கையைத் திருப்பும் ஒரு காணொளி கிடைத்தது. பெட்டியில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். பரிசோதகர் மூன்று முறை பார்த்தார்.

"நான்தான் சொன்னனே" என்றார் அண்ணன். உறை இன்னும் கையில்தான்.

அதோடு விசாரணை தொழில்முறை ஆர்வமாக மாறிவிட்டது. பரிசோதகர் நடைபாதையை ஒட்டிய ஒரு காலி இருக்கையில் உட்கார்ந்தார். ஆள் உட்கார்ந்திருக்கும்போது திருப்பினால் என்ன ஆகும்? பள்ளிப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? விரல் மாட்டாதா? என் மனைவி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நடுவில் ஒரு சொல் கிடைக்காமல் திணறியபோது நான் வழக்கம்போல ஆங்கிலத்தில் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். அவள் திரும்பாமலே என் முன்னால் கையை நீட்டினாள். நிறுத்தச் சொல்லும் கை. நான் வாயை மூடினேன். அவள் அந்தச் சொல்லைச் சுற்றிக்கொண்டு, வேறு நான்கு சொற்களால் போய்ச் சேர்ந்தாள். பரிசோதகர் காத்திருந்தார்.

அம்புவாஸ் வருகிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. நான் எழுந்து பையை மாட்டிக்கொண்டேன்.

"இறங்கணும்மா. ரெண்டு நிமிஷம்தான் நிக்கும்."

"நீங்க வேணும்னா இறங்குங்க."

"அண்ணே!"

"தம்பி, என்ர பேர் விலாசத்தை எழுதி முடிக்கும்வரைக்கும் இவன் என்னை விடமாட்டான் போல கிடக்கு. அந்தச் சமாதிக்கு முப்பத்தஞ்சு நிமிசம் வேணும், ஆக்கள் இல்லாத நேரத்தில படம் எடுக்கவேணும்…"

"செத்த மனுசர் எங்கயும் ஓடமாட்டார்" என்றார் அக்கா. "முட்டை ஆறுது. கதிரையில இருங்கோ ரெண்டு பேரும்."

ரயில் நின்றது, கதவு திறந்தது, கதவு மூடியது. கோட்டை ஆற்றுக்கு மறுகரையில் இருக்கிறதாம். நான் பார்த்த சன்னலில் அதன் கூரை நுனிகூடத் தெரியவில்லை. மடிப்பு மேசை இல்லாத இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்து, நானும் அண்ணனும் சாப்பிட்டோம். அக்கா பரிசோதகருக்கு ஒரு முட்டை கொடுத்தார். அவர் வேண்டாம் என்றார். அக்காவிடம் அப்படிச் சொல்லி ஜெயித்தவர் யாரும் இல்லை. சம்பல் அவர் கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. அந்தத் தண்ணீரோடே அறிக்கை எழுதினார். உறையைத் தன் முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளி, பழையபடி பொருத்தியும்விட்டார். இரண்டு கொக்கி உடைந்தது மட்டும் உடைந்ததுதான். கடிதம் ஏதாவது சிட்னிக்கு வரலாம் என்றார். இதுவரை வரவில்லை.

தூர் நகர நிலையத்தில் ரயிலின் பயணம் முடிந்தது. என் நோட்டின்படி, பரிசோதகர் வாயைத் திறந்ததிலிருந்து அங்கே கதவு திறந்தது வரைக்கும் முப்பத்துமூன்று நிமிடம். ஓர் ஆங்கிலச் சொல் இல்லை. பரிசோதகர் எங்கள் மூவருக்கும் தலையசைத்தார். அவளுக்கு மட்டும் கை கொடுத்தார்.

நடைமேடையில் அண்ணன் தாளையும் நேர அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதினாறு நிமிசத்தில திரும்பிப்போற ரயில் இருக்கு. பிடிச்சா சமாதிக்கு இருபத்திரண்டு நிமிசம் கிடைக்கும். படம் எடுக்கக் காணும். வாங்கோ, வாங்கோ."

"நான் வரலை அண்ணா" என்றாள் மனைவி. "இந்த அம்மா காப்பி குடிக்கக் கூப்பிடுறாங்க."

சிவப்புத் தொப்பி அவள் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே படிகளை நோக்கி நடந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அம்புவாஸ் எங்கள் தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் பார்த்த இடம். எட்டுப் பேரிடமும் படம் இருக்கிறது.

"நீங்க போயிட்டு வாங்க அண்ணே" என்றேன்.

"மனுசி காப்பி குடிக்கிறதைப் பார்க்கவே பிரான்ஸுக்கு வந்தனீர்?"

"இருக்கட்டும் அண்ணே."

"சரி. உமக்கும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு வாறன்" என்றார். எடுத்தும் வந்தார். அவரும் அக்காவும் கல்லறைக்கு முன்னால், நான் நிற்கவேண்டிய இடத்தை விட்டுவைத்து நிற்கிறார்கள்.

நிலையத்துக்கு எதிரே ஒரு காப்பிக்கடை. நான் போய் அவர்கள் மேசையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்தேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாரும் பெரிதாகக் கவனித்ததாகவும் தெரியவில்லை. ஒரு மணி ஐந்து நிமிடம் அவர்கள் பேசினார்கள். திருச்சி என்ற சொல் வந்தது. பிறகு நூற்றுத் தொண்ணூற்றைந்து என்ற எண்ணாக இருக்கலாம். மூதாட்டி கையைத் தட்டினார். இரண்டு பேரும் ஏதோ ஓர் இடத்தில் அப்படியே நிறுத்தி, ஒருவரை ஒருவர் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருபத்தாறு வருடம் நான் பார்த்துவரும் முகம்தான் அது. ஆனால் அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை போடாத காப்பி.

மூதாட்டி என் பக்கம் முகவாயை நீட்டி ஏதோ கேட்டார். என் மனைவி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, நீளமாக ஒரு வாக்கியம் சொன்னாள். மூதாட்டி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா சொன்ன?"

"அவங்களையே கேளுங்க. அவங்களுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும். முப்பத்தஞ்சு வருஷம் இதே ஊர் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சரா இருந்தாங்களாம்."

அது அவளுக்கே அப்போதுதான் தெரிந்திருந்தது என்பது அவள் சொன்ன விதத்தில் இருந்தது. ரயிலில் முப்பத்துமூன்று நிமிடம், இங்கே ஒரு மணி நேரம். அந்த அம்மாள் ஒரு தடவைகூட மாறவில்லை.

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, என் மனைவி என்னைப்பற்றி என்ன சொன்னாள் என்று நல்ல ஆங்கிலத்தில், மரியாதையாக அவரிடம் கேட்டேன்.

மூதாட்டி என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். திரும்பவும் என் பக்கம் வந்து, வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவனுக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக, மிகப் பொறுமையாக, பிரெஞ்சில் பதில் சொன்னார்.